வெப்பத்தை உணரும் சந்தி

புனே நகரிலிருந்து லோணாவளா செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் ஆகுர்டி. பிழைப்பை நாடி மகாராட்டிரம் புகுந்த தமிழருக்கு அவ்வட்டாரம் புதியதன்று. 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த சேதக் ஸ்கூட்டருக்கு அதுவே பிறந்தகம். 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதே ஆகுர்டியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலையொன்று திறக்கப்பட்டது. பெட்ரோல் எஞ்சினுக்கு மாறாக மோட்டாரும், அதனை ஆளும் குறைகடத்திச் சாதனங்களும் இப்புதிய வண்டியை இயக்குகின்றன. அச்சாதனங்கள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது வண்டியின் திறனுக்கு எல்லை வகுப்பவற்றுள் ஒன்று. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகிய மூன்றுக்கும் இடையேயுள்ள உறவை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றை இங்கு நாம் சுருக்கமாகக் காண்போம்.

உலோகங்கள் சூடேறினால் அவற்றின் வழியே மின்சாரம் பாய்வது கடினமாகும். ஆனால் 1833-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்ஃபைடு என்னும் பொருள் சூடேறச் சூடேற மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதைக் கண்டார். 1874-இல் ஜெர்மானியரான ஃபெர்டினாண்டு பிரவுன், சில சல்ஃபைடுக் கனிமங்களை உலோக முனை தொடும் இடத்தில் மின்னோட்டம் ஒரு திசையில் மிகுதியாகவும் மறு திசையில் குறைவாகவும் பாய்வதை எடுத்துக்காட்டினார். இவ்விரு புதிர்களுக்கும் அக்காலத்தில் விடையில்லை.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் சிறப்பான இடமுண்டு. கல்கத்தா மாநிலக் கல்லூரியின் ஆசிரியரான ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லா அலைகளைக் கண்டறிய ஈயத்தின் கனிமமாகிய காலீனாவைப் பயன்படுத்தினார். 1901-இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு 1904-இல் கிடைத்தது. தொடுமுனைகளில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து அவர் வரைந்த கோடுகள் நேர்கோடுகளாக அமையவில்லை. ஓம் வகுத்த விதி அங்குச் செல்லுபடியாகாது என்பதை அவை அறிவித்தன.

1940-இல் அமெரிக்க பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் சிலிக்கான் துண்டொன்றில் இருவகைப் பகுதிகள் கூடும் சந்தியைக் கண்டார். 1949-இல் வில்லியம் ஷாக்லி அச்சந்தியின் கணக்கை வகுத்து வெளியிட்டார். அவர் வகுத்த சமன்பாட்டின் சாரம் இதுதான்: மின்னழுத்தத்தைச் சம அளவில் கூட்டிக்கொண்டே போனால், மின்னோட்டம் மடங்கு மடங்காகப் பெருகும். 27 பாகை செல்சியசில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் கூட்டினால் மின்னோட்டம் 10 மடங்காகும். இன்னுமோர் 60 கூட்டினால் 100 மடங்காகும்.

இனி வெப்பத்தின் பங்கைப் பார்ப்போம். மின்னோட்டத்தை மாறாமல் நிறுத்தினால், சிலிக்கான் சந்தியின் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். 15 பாகைக் குளிரிலிருந்து 40 பாகைக் கோடைக்குச் சென்றால் 50 மில்லிவோல்ட் இறங்கிவிடும். மாறாக, மின்னழுத்தத்தை நிலையாக வைத்தாலோ மின்னோட்டம் ஆறு ஏழு மடங்கு பெருகிவிடும். பெருகிய ஓட்டம் சூட்டை வளர்க்க, வளர்ந்த சூடு ஓட்டத்தை மேலும் பெருக்கும். தடுப்பார் இல்லையேல் சந்தி தன்னைத் தானே எரித்துக்கொள்ளும்.

வெப்ப நாடான நமக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திகளைச் செய்யத் தொடங்கியது. தொடக்க காலத்து டிரான்சிஸ்டர் வானொலிகள் பெரும்பாலும் ஜெர்மானியத்தை நம்பியவை. அயல்மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் தாய்மொழிச் செய்தியைக் கேட்க உதவியவை அப்பெட்டிகளே அல்லவா? ஆனால் ஜெர்மானியம் சூட்டுக்கு எளிதில் இளகுவது. எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல் அதில் 0.66 எலெக்ட்ரான் வோல்ட்டாக இருக்க, சிலிக்கானில் அது 1.12 ஆகும். ஆதலால் சிலிக்கானில் கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு. 1954-இல் சிலிக்கான் டிரான்சிஸ்டர் விற்பனைக்கு வந்தது. நாளடைவில் ஜெர்மானியம் பின்தங்கியதற்கு இக்காரணம் முதன்மையானது.

பகையெனக் கருதிய வெப்பத்தையே பொறியியலார் பின்னர்த் துணையாக்கிக்கொண்டனர். ஒரே சந்தியில் முதலில் ஓர் அளவும், பின்னர் அதைப்போல் 10 மடங்கும் மின்னோட்டத்தைச் செலுத்தி, இருமுறையும் தோன்றும் மின்னழுத்தங்களின் வேறுபாட்டை எடுத்தால், அது தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாகைக்குச் சுமார் 0.2 மில்லிவோல்ட் வீதம் உயரும். சந்தியே வெப்பமானி ஆயிற்று! 1971-இல் பாப் விட்லர் என்பவர், வெப்பத்தால் குறையும் மின்னழுத்தத்தோடு இவ்வாறு கூடும் மின்னழுத்தத்தைச் சேர்த்து, ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் அசையாது நிற்கும் மின்சுற்றை அமைத்தார். இன்று கணிப்பொறியின் மையச் சில்லு தன் சூட்டைத் தானே அளந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கும் சந்தியின் இப்பண்பு பயன்படுகிறது.

‘குறைகடத்தி’ என்னும் தமிழ்ச்சொல்லைக் கேட்போர், குறையுள்ள பொருள் எனக் கொள்ளலாகாது. உலோகத்தைப்போல் எந்நேரமும் ஓடவிடாமலும், கண்ணாடியைப்போல் முற்றும் தடுக்காமலும், சூழ்நிலைக்கு ஏற்ப இசைந்து கொடுப்பதே அதன் நிறைவாகும். புதிய ஊரின் தட்பவெப்பத்துக்கு இசைந்து, தம் இயல்பையும் இழக்காது வாழும் நமக்கு இப்பண்பை விளக்கிக் கூறவும் வேண்டுமோ?