பனை: பெயரும் வகைப்பாடும்

பனை என்னும் சொல் தமிழில் இரண்டு அளவில் வழங்குகிறது. தனித்து நின்றால் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்னும் ஒரே மரத்தைக் குறிக்கும். அடைமொழி பெற்றால் தாளிப்பனை, திப்பிலிப்பனை, ஈச்சம்பனை என்று அதன் சுற்றத்தாரையும் குறிக்கும். தாவரவியலில் இச்சுற்றத்துக்குப் பால்மே, அரிக்கேசியே என இரு குடும்பப் பெயர்கள் உள்ளன. பெயரிடல் விதி இரண்டையும் ஏற்கிறது. ஏறத்தாழ 180 பேரினங்களும் 2,500-க்கு மேற்பட்ட இனங்களும் இக்குடும்பத்தில் அடங்கும். தனித்து நிற்கும் பனைக்கு வாய்த்த பெயர்களும், காலந்தோறும் அது வைக்கப்பட்ட இடமும் இங்கே கூறப்படுகின்றன.

பழந்தமிழ் வழக்கு

தொல்காப்பியத்தின் மரபியல் வயிரம் இருக்கும் இடத்தைக் கொண்டு ஓரறிவுயிர்களைப் பிரிக்கிறது. வயிரத்தைப் புறத்தே உடையவை புல், அகத்தே உடையவை மரம். இக்கணக்கில் 30 மீட்டர் வரை வளரக்கூடிய பனை ஒரு புல். பனங்கை அறுப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. கறுத்து இறுகிய பகுதி வெளியே இருக்க, நடுவில் இருப்பது மெத்தென்ற சோறு. ஓலை, தோடு, மடல், பாளை, ஈர்க்கு, குலை ஆகியவை புல்லின் உறுப்புகள் என்றும், இலை, தளிர் முதலியவை மரத்துக்கு உரியவை என்றும் மரபியல் வரையறுக்கிறது. பனைமரம் என்று வாய்நிறையச் சொல்லும் இன்றைய தமிழரும் பனையோலை என்பாரே அன்றிப் பனையிலை என்பதில்லை.

இப்பகுப்பை ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்புக்கு முன்னோடியாகக் கொள்வோர் பலர். ஜான் ரே வித்திலைகளைக் கொண்டு தாவரங்களைப் பிரித்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆயினும் மரபியலின் அளவுகோல் வயிரம், ரேயின் அளவுகோல் விதை; இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் ஒன்றாகிவிடா. மரபியலைப் பிற்காலச் சேர்க்கை என்று கருதுவோரும் உளர்.

பெண்ணை, தாலம், போந்தை என்பன பனையின் பிற பெயர்கள். போந்தை சேரர் சூடிய பூ. பெண்ணை என்னும் சொல் பெண் என்பதோடு உறவுடையதாகத் தோன்றினும், சங்கப் பாடல்கள் பெரும்பாலும் அதைப் பொதுப்பெயராகவே ஆள்கின்றன. அதன்பின் ஓலையிலேயே எழுதிவந்த பல நூற்றாண்டுகள், நிகண்டுகளின் மரப்பெயர்த் தொகுதிக்கு வெளியே, அந்த ஓலை தந்த மரத்தைப் பற்றி எழுதியது சிறிதே.

மலபார் நூலும் லின்னேயஸும்

பனை ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த வழியைத் தெளிவாகக் காட்டுவது 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநராகக் கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்த இந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதி வருமுன்பே, 1691இல், ரீட் கடற்பயணத்தில் இறந்துபோனார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணிப் பிராமணர்களும் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தனர். இட்டி அச்சுதன் 1675இல் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சான்றுரை முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. படங்களில் செடியின் பெயர் ரோமன் எழுத்தோடு மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர்ப் பெயரைப் படத்தோடு சேர்த்தே செதுக்கிய இந்த ஏற்பாடு பின்வந்தோர்க்குப் பேருதவியாயிற்று.

முதல் தொகுதி தெங்கில் தொடங்கி, கமுகைக் கடந்து, பனைக்கு வருகிறது. அங்கே கரிம்பனை, ஆம்பனை என இரண்டு தலைப்புகள், இரண்டு படங்கள். முன்னது பெண்மரம், பின்னது ஆண்மரம். இதை வெறும் பிழை என்று தள்ளுவதற்கில்லை. கள்ளிறக்கும் தொழிலை அறிந்த குலத்திலிருந்து வந்தவர் இட்டி அச்சுதன். ஏறுகிறவனுக்கு இரண்டும் இருவேறு மரங்கள்: ஆண்பாளையை இடுக்கிப் பதப்படுத்தும் முறை வேறு, பெண்பாளையைப் பக்குவப்படுத்தும் முறை வேறு, நுங்கு தருவது ஒன்றுதான். வடலியாக நிற்கும்வரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் பாளை வெளிவரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகலாம். அத்தனை காலம் காத்திருந்து அறிந்த வேறுபாட்டுக்குத் தனிப்பெயர் இருப்பது இயல்பே.

மூன்றாம் தொகுதியில் கொடப்பனையும் (குடைப்பனை, அதாவது தாளிப்பனை) தொட்டப்பனையும் வருகின்றன. பின்னது பனையே அன்று, சைக்கஸ் என்னும் பூவாத தாவரம். கொண்டைபோல் ஓலை விரித்து நிற்கும் தோற்றமும் பெயரின் ஈற்றில் உள்ள 'பனை'யும் சேர்ந்து அதை இந்த வரிசையில் நிறுத்தின.

கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளான்டாரம்' நூலில் பனைக்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார். பொராசஸ் என்பது பேரீச்சையின் பாளை தொடர்பான பழங்கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஃபிளாபெல்லிஃபர் என்றால் விசிறி ஏந்தியது. ரீடின் கரிம்பனையையும் ஆம்பனையையும் சான்று காட்டி, இரண்டையும் ஒரே பெயரின் கீழ் அவர் சேர்த்தார். பனையைக் கண்ணால் காணாத ஒருவர் ஸ்வீடனில் அமர்ந்து இரண்டு படங்களைக் கொண்டு செய்த இந்த இணைப்பு சரியாகவே அமைந்தது. ஆனால் தொட்டப்பனையில் அவரும் வழுக்கினார். சைக்கஸைப் பனைகளோடு வைத்துவிட்டார். மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்புப் பிரிக்கும் தம் முறைக்குள் பனைகளில் பெரும்பாலானவற்றை அடக்காமல், நூலின் இறுதியில் தனி இணைப்பாக அவர் தந்தார். பூக்களின் அமைப்பு அப்போது சரிவரத் தெரியாததே காரணம் என்பது பொதுவான விளக்கம். பனைகளைத் தாவரங்களின் இளவரசர்கள் என்று பாராட்டியவரும் அவரே. பாராட்டப்பட்டவர்களுக்கு வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

கமுகுக்கு அவர் கொண்ட அரிக்கா என்னும் பேரினப் பெயர், அடைக்காய் என்னும் தென்னிந்தியச் சொல் போர்த்துக்கீசியர் வாயில் திரிந்தது என்பர். அரிக்கேசியே என்னும் குடும்பப் பெயர் அதிலிருந்தே பிறந்தது. எனவே கியூபாவின் பனையும் பிரேசிலின் பனையும் இன்று வெற்றிலைத் தட்டுச் சொல் ஒன்றின் கீழ் நிற்கின்றன.

பனையை ஆங்கிலத்தில் பல்மைரா என்பது சிரியாவின் பழைய நகரத்தால் வந்ததன்று; பனைவகை எதையும் குறிக்கும் பல்மேய்ரா என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. அம்போனில் பார்வையிழந்த நிலையிலும் தாவர நூல் எழுதிய ரம்பியஸ் பனையை லொந்தாருஸ் என்றார். இது மலாய் மொழியின் லொந்தார்; அதுவோ சாவக மொழியின் ரோந்தால் என்பதன் திரிபு. அம்மொழியில் ரோன் என்றால் ஓலை, தால் என்றால் பனை.

19ஆம் நூற்றாண்டு

வில்லியம் ராக்ஸ்பரோ தம் சோழமண்டலக் கரைத் தாவரநூலில் பனையின் ஆண், பெண் பூங்கொத்துகளை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். அவர் காலம் தொட்டு நெடுநாள் ஃபிளாபெல்லிஃபார்மிஸ், அதாவது விசிறி வடிவினது, என்ற திருத்தமே செல்வாக்குப் பெற்றிருந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதி வலுத்தபின் 1753ஆம் ஆண்டுப் பெயர் மீண்டது. விசிறி ஏந்துவதா, விசிறியாகவே இருப்பதா என்பதில் பனைக்கு ஏதும் குறையில்லை. 1838இல் மார்ஷியஸ் ஆப்பிரிக்கப் பனையை பொராசஸ் ஏத்தியோப்பம் எனப் பிரித்தார்.

வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட சிறுநூல் பனைக்கு மட்டுமே உரியது. தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பாட்டு நூல் பனையின் 801 பயன்களைக் கூறுவதாக அதன்வழிப் பரவிய செய்தியைப் பின்வந்தோர் வழிமொழிந்துகொண்டே வருகின்றனர். அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர் என்பது வேறு.

பிற்கால ஆய்வு

இத்தாலியரான ஒடோவார்டோ பெக்காரி 1914இல் பழம், கொட்டை முதலியவற்றின் வேறுபாட்டைக் கொண்டு பொராசஸைப் பல இனங்களாகப் பிரித்தார். இந்தோனேசியப் பனை அவரிடம் பொராசஸ் சுந்தாயிக்கஸ் ஆயிற்று. ராஸ் பேட்டன் 2007இல் செய்த மறுஆய்வு இனங்களை ஐந்தாகக் குறைத்து, சுந்தாயிக்கஸை நம் பனைக்குள் திரும்பச் சேர்த்தது. ஐந்தில் ஒன்றான மேற்கு ஆப்பிரிக்காவின் பொராசஸ் அக்கியாசி 2006இல்தான் தனிப்பெயர் பெற்றது. நம் பனை இந்தியாவிலேயே தோன்றியதா, ஆப்பிரிக்கப் பனையிலிருந்து மனிதர் கைப்பட்டு உருவானதா என்பதில் ஒருமித்த முடிவில்லை.

2008ஆம் ஆண்டின் 'ஜெனரா பால்மாரம்' இரண்டாம் பதிப்பு குடும்பத்தை ஐந்து துணைக்குடும்பங்களாக்கி, பனையைக் கொரிஃபாய்டியே என்பதில் வைக்கிறது. செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் பனைக்கு மிக நெருங்கிய உறவு. தென்னை வேறொரு துணைக்குடும்பம். இரட்டைத் தேங்காய் அலையில் மிதந்து மாலத்தீவில் ஒதுங்கியதால் மால்திவிக்கா என்ற இனப்பெயர் பெற்றது. மரம் நிற்கும் இடம் 1768இல் தெரியவந்த பிறகும் மாலத்தீவின் பெயரே நிலைத்தது.

தமிழில் பனை 34 வகை என்று ஒரு பட்டியல் பரவலாக வழங்குகிறது. அதில் தாளிப்பனை, திப்பிலிப்பனை முதலியன தனி இனங்கள். கூந்தற்பனை என்பது சிலரிடம் திப்பிலிப்பனை, சிலரிடம் தாளிப்பனை. ஆண்பனையும் பெண்பனையும், ரீடின் நூலில் போலவே, இரண்டாக எண்ணப்பட்டுள்ளன; போதாதற்கு ஆண்பனையின் மறுபெயராக வழங்கும் அலகுப்பனையும் தனியே நிற்கிறது. பட்டியலில் உள்ள நிலப்பனை முழங்கால் உயரமும் வளராத ஒரு கிழங்குச் செடி. பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஓலை மட்டும் பனங்கன்றின் முதல் ஓலையைப் போல இருக்கும்.