கூத்துக்கு மேடை வேணுமா, லயத்து வாசல் வேணுமா?

டாங்கோன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சினிமாவில் பார்த்ததுதான். கறுப்பு கோட், சிவப்பு கவுன், மினுங்குற தரை. ஆனா அந்த ஆட்டம் வளர்ந்த இடங்களில் ஒன்று நம்ம லயம் மாதிரியே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடி அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறியவர்கள், புவெனஸ் அயர்ஸ் நகரத்தின் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள். நடுவில் ஒரு முற்றம், சுற்றிவர அறைகள், பெரும்பாலும் அறைக்கு ஒரு குடும்பம். 1914 கணக்கெடுப்பின்போது அந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களுக்கு முன்பே அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம், கியூபாவின் ஹபனேரா, ஜெர்மனியிலிருந்து வந்த பந்தோனியோன் என்ற வாத்தியம், எல்லாம் கலந்துதான் டாங்கோ ஆனது. ஊர்ப் பணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1913 வாக்கில் பாரிஸ் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பிறகு, அவர்களுக்கும் அது ‘எங்க ஆட்டம்’ ஆகிவிட்டது.

அது சரி, இதுக்கும் ஹட்டனுக்கும் என்ன சம்பந்தம்?

அதே நூற்றாண்டில், முதலில் கோப்பிக்கும் 1867க்குப் பிறகு தேயிலைக்கும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம்ம முன்னோரும் கடல் தாண்டி வந்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்டு வந்த மூட்டையில் ஒரு ஆட்டமும் இருந்தது. காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்கப்போன மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோக, ரதி அழுது புலம்பி அவன் உயிரைத் திரும்பக் கேட்கும் கதை. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் மலையகத்தில் உண்டு. ஆனா தோட்டம் முழுவதையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு வர்றது காமன்தான் என்பது என் எண்ணம்.

எப்படி இழுக்கிறது என்று பாருங்க. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் வாக்கில் காமன் ஊன்றுவார்கள். கரும்பு, ஆமணக்குக் கொம்பு, வைக்கோல் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அந்த நாளிலிருந்து காமன் எரியும் இரவு வரை தோட்டத்து மாலைப்பொழுதுக்கு வேறு முகம். பகலில் கொழுந்து, கவ்வாத்து, ஸ்டோர் வேலை. பொழுது சாய்ந்ததும் வாத்தியார் பாட, தப்பு ஒலிக்க, ஆட்டம். ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆடுவார்கள். வீட்டுக்காரர்கள் காசோ அரிசியோ கொடுப்பார்கள். கொடுத்த பிறகு அவர்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. எரியும் இரவில் எமனும் வீரபத்திரனும் வரும்போது கைக்குழந்தையோடு விழித்திருக்கிறவர்கள் தங்கள் காசில் நடக்கும் கூத்தைத்தான் பார்க்கிறார்கள்.

துரைமாருக்கு ஆடிப்பாடிக் கூட கிளப் இருந்தது. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. பத்தடி, பன்னிரண்டடி காம்பராவுக்குள் குடும்பமே படுத்து எழும்பினவர்களுக்கு இருந்த ஒரே கூடம் லயத்து வாசல்.

இப்படி ஆள் சேர்த்துக் கட்டிய ஆட்டத்தை உடைக்க, ஆட்டத்தைத் தடை செய்யத் தேவையில்லை. ஆட்களைக் கலைத்தாலே போதும். 1948 குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களை வாக்கு அரசியலாகவே படித்துப் பழகிவிட்டோம். கூத்தின் பக்கமிருந்து படித்தால் வேறு மாதிரித் தெரியும். கூத்துப் பாடல்கள் பெரும்பாலும் வாத்தியாரின் தொண்டையிலும் ஒரு சில கையெழுத்துக் கொப்பிகளிலும் இருந்தவை. அவர் தலைமன்னாரில் கப்பல் ஏறினால் கொப்பியும் ஏறும். மன்மதன் இந்தப் பட்டியலிலும் தப்புக்காரர் அந்தப் பட்டியலிலும் இருந்தால், அடுத்த மாசிக்கு யார்?

அதே 1960களில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து நவீன மேடைக்கு ஏற்றபடி சுருக்கி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று தயாரித்தார். ஈழத்துத் தமிழ் நாடகத்தில் அது பெரிய திருப்பம், மறுப்பதற்கில்லை. ஆனா ஒன்று உறுத்துகிறது. பேராதனை இருப்பது மலைநாட்டில். சுற்றியுள்ள தோட்டங்களில் மாசிக்கு மாசி தப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த அலையில் காமன் கூத்துக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை.

இப்போ கிடைக்கிறது. கலாசார விழா, போட்டி, பதினைந்து நிமிஷம், மைக், சான்றிதழ். வேண்டாம்னு சொல்லவில்லை. ஆனா டாங்கோவுக்கு நடந்ததைக் கவனிக்கணும். 1955 இராணுவப் புரட்சிக்குப் பிறகு புவெனஸ் அயர்ஸில் அது தேய்ந்துபோனது. 1983இல் பாரிஸில் அரங்கேறிய ‘டாங்கோ அர்ஜென்டினோ’ என்ற மேடை நிகழ்ச்சி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மேடை தந்தது பெயரை. ஆட்டத்தைக் காப்பாற்றியது ‘மிலோங்கா’ எனப்படும் கூடல்கள்; வயசான பெரியவரும் நேற்று வந்த மாணவியும் ஒரே தரையில் ஆடும் சாதாரண இரவுகள். யுனெஸ்கோ 2009இல் பட்டியலில் சேர்த்தபோது, சேர்ப்பதற்கு உயிரோடு ஒரு ஆட்டம் இருந்ததற்கு அவையும் காரணம்.

நம்ம வாசலைப் பற்றியும் நேராகப் பேசணும். எல்லாருடைய கூத்து என்கிறோம். தப்பு அடிப்பதை ஒரு சாதியின் வேலையாகத் தோட்டத்திலும் கட்டிவைத்தோம். பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் சாவுக்கும் அதே தப்பு. அடிக்கிறவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவர் அடி இல்லாமல் ஒரு எட்டுக்கூட நகர முடியாத சாமியைக் கும்பிட்டோம். ரதி வேஷமும் அப்படித்தான், வழிவழியாக ஆண்களுக்கே. புவெனஸ் அயர்ஸில் அந்தக் காலத்தில் பெண்கள் குறைவு, ஆண்கள் ஆண்களோடு ஆடிப் பழகினார்கள். தோட்டத்தில் அந்தச் சாக்கு கிடையாது. கொழுந்து மலை முழுக்கப் பெண்கள்தானே! ஆணுக்குச் சமமான நாள் சம்பளம் அவர்களுக்குக் கிடைத்ததே 1984இல்தான். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் ஒப்பாரியை அவர்கள் பாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்க. ‘விரதம், தீட்டு’ என்று பெரியவர்கள் சொல்லலாம். டாங்கோவிலும் ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள் என்பதுதான் விதி. இன்றைக்கு அதை மாற்றி ஆடும் கூடங்கள் அங்கேயே இருக்கின்றன. ஆட்டம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

ஆள் இருந்தால்தான் இந்தச் சண்டையும். கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் நிற்கிற நம்ம பசங்களும் பிள்ளைகளும் தீபாவளிக்கு ஊர் வருவாங்க, தேருக்கும் வருவாங்க. காமன் ஊன்றுகிற நாள் காலண்டரில் சிவப்பு இல்லை. ஊன்றுவது முதல் எரிப்பது வரை பல நாள் வேறு. அத்தனை நாளுக்கு எந்த முதலாளி லீவு தருவார்? சில இரவுகளையாவது சனி, ஞாயிறுக்கு மாற்றலாமா, ஒத்திகையைத் தைப்பொங்கல் லீவிலேயே தொடங்கலாமா என்று வாத்தியார்மாரிடம் உட்கார்ந்து கேட்கணும். கொப்பி இருக்கிற வீடுகளுக்கும் அப்படியே போய், அனுமதி கேட்டு, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வரணும்.