இந்தியத் தொழிற்சங்கங்களில் பிரதிநிதிப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

1918 ஏப்ரல் 27 அன்று நிறுவப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளை நிர்வாகத்திடம் எடுத்துரைக்க முற்பட்டபோது, அப்பொறுப்பு பி. பி. வாடியா, திரு. வி. க. முதலிய, ஆலையில் பணிபுரியாத தலைவர்களிடமே சென்றது. வாய் திறந்த தொழிலாளி வேலையை இழக்க நேர்ந்ததும், ஆங்கிலத்தில் நடந்த கடிதப் போக்குவரத்தும் இதற்கு முதன்மைக் காரணங்களாகும். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாராக இருக்க இடமளித்தது. பேச்சாற்றலும் தியாகமும் மிகுந்த அத்தலைமுறைக்கு இயக்கம் பெரிதும் கடன்பட்டுள்ளது. எனினும் தனியொரு தொழிலாளியின் வழக்கை நடத்தும் நுட்பம் அடுத்தவருக்குக் கற்பிக்கத்தக்க கல்வியாக அப்போது உருப்பெறவில்லை.

அகமதாபாத்தில் 1920இல் அனசூயா சாராபாய், காந்தியடிகள் ஆகியோரின் வழிகாட்டுதலில் உருவான மஜூர் மகாஜன் என்னும் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் வேறு வழியை வகுத்தது. குல்சாரிலால் நந்தா நெடுங்காலம் செயலாளராக இருந்த அச்சங்கத்தில், ஊதியம் பெறும் பணியாளர்கள் முறையீட்டைப் பதிந்து, நேரில் விசாரித்து, நிர்வாகத்தோடு பேசி, தீராதவற்றை நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுசென்றனர். பின்னாளில் சேவா அமைப்பை நிறுவிய இலா பட் 1955இல் இச்சங்கத்தின் சட்டப் பிரிவில்தான் சேர்ந்தார்.

1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, சமரசப் பேச்சில் வழக்குரைஞர்களை விலக்கியதோடு, தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் இருந்தாலன்றி அவர்கள் தோன்ற இயலாது என்று வரையறுத்ததால், சங்கப் பணியாளரே வாதாடுபவராகவும் ஆக வேண்டியதாயிற்று. 1958இல் மைய அரசு நிறுவிய, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய தொழிலாளர் கல்வி வாரியம், கல்வி அலுவலர்களைப் பயிற்றி, அவர்கள் வழியாகத் தொழிலாளர்-ஆசிரியர்களை உருவாக்கி, அவர்களைக் கொண்டு தொழிற்கூடங்களிலேயே வகுப்புகள் நடத்தியது. சட்ட அறிவைப் பரப்பியதில் அதன் பங்கு பெரிது. ஆனால் நிர்வாகத்தின் சாட்சியை எதிர்கொள்ளும் திறனை, முதலாளிகளின் பிரதிநிதிகளும் இடம்பெற்ற அரசு வாரியத்திடம் முழுமையாக எதிர்பார்ப்பது பொருந்தாது.

அத்திறனின் தேவை, ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் நிர்வாகமே நடத்தும் உள்விசாரணையில்தான் கூர்மையாக வெளிப்பட்டது. 1960இல் காளிந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், சங்கப் பிரதிநிதி துணைநிற்பதை உரிமையாகக் கோர முடியாது என்றது. பிற்பாடு, வேலை நிபந்தனைகளை வகுக்கும் மத்திய மாதிரி நிலையாணைகள் அவ்வுரிமையை வழங்கின. 1971இல் தொழிற்தகராறுகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11அ பிரிவு, பணிநீக்கத் தண்டனையை மாற்றும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அளித்தது; எனினும் முறையாக நடந்த விசாரணையாயின், புதிய சாட்சியம் ஏற்காமல் பதிவேட்டில் உள்ளதைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. விசாரணையில் கேட்கப்படாத குறுக்குக் கேள்வி பின்னர் மீட்கப்படுவது அரிது என்பதே இதன் விளைவு. குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் நாளும் நேரமும் தெளிவாக உள்ளனவா என்று பார்ப்பதும், ஆவணங்களின் நகல்களையும் சாட்சிகளின் பட்டியலையும் முன்கூட்டியே எழுத்தில் கோருவதும், விசாரணை அதிகாரி மறுத்தால் ஆட்சேபத்தை அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்த பிறகே தொழிலாளியைக் கையொப்பமிட விடுவதும் இதனால் பயிற்சியின் உயிர்ப்பகுதிகளாயின.