புலால் நாற்றமும் முத்தும்: நற்றிணை 45ஐ முன்வைத்து

நற்றிணை 45ஆம் பாட்டில் தலைவியை நாடி வந்த தலைவனைத் தோழி தடுத்து நிறுத்துகிறாள். தலைவி கடல் கலங்கப் புகுந்து மீன்பிடிக்கும் பரதவர் மகள்; அவனோ கடைத்தெருவில் கொடிகள் ஆடும் பழைய ஊரின் செல்வர் மகன். சுறாவை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டும் தங்கள்மேல் புலால் வீசும் என்பதைக் காட்டி அவனை விலகச் சொல்கிறாள். இதைச் சேட்படை என்னும் துறைக்குள் வைத்து, தலைவனின் உறுதியைச் சோதிக்கும் உத்தியாகப் படிப்பது மரபு. துறை பொருந்தும். ஆனால் அந்த உத்திக்கு வலு எங்கிருந்து வந்தது? பாட்டில் தலைவன் வாய் திறக்கவே இல்லை. ஊரார் மூக்கைச் சுளிப்பதை முன்பே கண்டிருப்பவள், அவன் சொல்லுமுன் தானே சொல்லிவிடுகிறாள். இழிவு, அதைச் சுமப்பவர் நாவிலேயே குடியேறிவிட்டதைப் புலவர் கண்டிருக்கிறார். அவர் அங்கே நிற்கவும் இல்லை. தங்கள் சிறுவாழ்வு நல்வாழ்வே, தங்களுள்ளும் தலைமை உடையோர் உண்டு என்று தோழி நிமிர்கிறாள். உத்தி என்ற ஒரே விளக்கத்தில் இந்த நிமிர்வு காணாமல் போகிறது.

அகநானூறும் மதுரைக்காஞ்சியும் போற்றும் கொற்கை முத்தின் கதை வேறு. முத்துக்குளித்தவர்களுள் பரதவர் முதன்மையானவர்கள். கரையேறிய சிப்பிகளைக் குவித்து, சதை அழுகும்வரை பல நாள் கிடக்கவிட்டு, அலசித்தான் முத்தைப் பொறுக்கினார்கள். மீனைவிடக் கடுமையான அந்த வீச்சம் முத்தின்மேல் ஒட்டவில்லை. எடுத்தவர் உடம்பின்மேல் மட்டும் ஒட்டியது. பொருளைக் கழுவி ஏற்கும் சமூகம் ஆளை ஏற்கவில்லை.

உடம்பின்மேல் ஒட்டிய இந்த இழிவை விளக்க, நற்றிணைக் காலத்துக்கு ‘இனம்’ என்ற இக்காலக் கருத்தை ஏற்றுவது பிழை. அது காலனிய அறிவியலோடு வந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இல் எழுதினார். அவரே பிறகு மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலில் பரதவர் வழிவந்தோராகக் கருதப்படும் பரவரும் இடம்பெற்றனர். கருவி புதியது. உடலையே ஒருவரின் தகுதிக்குச் சாட்சியாக்கும் பழக்கம் இங்கே முன்பே இருந்தது. அதனால்தான் அந்த அளவைகள் இவ்வளவு எளிதாக வேரூன்றின என்பது என் கருத்து.

அந்தப் பழக்கம் இன்னும் ஓயவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாறுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் அவர் உரக்க நியாயம் கேட்ட காட்சி பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். தண்டனை சரியே. ஆனால் பக்கத்து இருக்கையில் முகம் திருப்புபவரை எந்த ஆணையும் தொடாது. வகுப்பறை தொடலாம். இதுபோன்ற நெய்தற் பாட்டை, அத்திணைக்கு உரிய இரங்கல் என்று மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், சுறா அறுக்கும் கையையும் அதைக் கண்டு ஒதுங்கும் ஊரையும் சேர்த்தே விளக்க வேண்டும். அவர்முன் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் மீன்காரரின் பிள்ளையும் இருக்கலாம், ஒதுங்குபவரின் பிள்ளையும் இருக்கலாம்.