பொருட்சோதனையிலிருந்து செயல்முறைச் சான்றுக்கு: பீங்கான் ஏற்றுமதியும் தரக் கட்டுப்பாட்டு வரலாறும்

முன்னுரை

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்தில் கருவேப்பிலங்குறிச்சி அமைந்துள்ளது. விருத்தாசலம் பீங்கான் சிறுதொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும். இத்தகைய சிறுதொழிற்கூடம் ஒன்று அயல்நாட்டுச் சந்தையை நாடும்போது எதிர்கொள்ளும் தரச் சான்றுமுறை எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சரக்கை ஆய்தல்

இந்திய அரசு 1963இல் ஏற்றுமதி (தரக் கட்டுப்பாடு மற்றும் ஆய்வு) சட்டத்தை இயற்றியது. அதன்வழி ஏற்றுமதி ஆய்வுக் குழு தோன்றியது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஆய்வு முகமைகள் அமைந்தன. அனுப்பப்படும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்துச் சான்று வழங்குவது இம்முறையின் அடிப்படையாகும். உற்பத்தி நிலையிலேயே தரத்தைக் கண்காணிக்கும் முறையும் தற்சான்று முறையும் பின்னர் இதனுடன் இணைந்தன.

மெருகும் ஈயமும்

மாதிரிச் சோதனையின் எல்லையைப் பீங்கான் கலம் தெளிவாக உணர்த்துகிறது. ஈயம் கலந்த மெருகு குறைந்த வெப்பத்தில் உருகிப் பளபளப்பைத் தரும். மெருகின் கலவை பிழைத்தாலோ சூளை வெப்பம் போதாவிட்டாலோ, புளிப்புள்ள உணவில் ஈயம் கசியும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1984ஆம் ஆண்டு நெறிமுறையில் இதற்கு வரம்பு விதித்தது. குழிவான கலத்தில் ஈயம் லிட்டருக்கு 4 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம் என்பது அவ்வரம்பு. 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைக் கலத்தில் ஊற்றி, 22 பாகை செல்சியசில் 24 மணிநேரம் வைத்துச் சோதிப்பர். ஆயினும் ஒரே சூளையில் இடத்திற்கு இடம் வெப்பம் வேறுபடும். ஆகவே ஒரு கலத்தின் தேர்ச்சி மற்றொன்றுக்கு உறுதியாகாது. கலவையும் சுடுதலும் ஒவ்வொரு முறையும் சீராக இருத்தல் வேண்டும்.

செயல்முறையை ஆய்தல்

1987இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9000 தரங்கள் இத்தேவைக்கு ஏற்றவையாக அமைந்தன. இவை பொருளை விடுத்து, அதை உருவாக்கும் நிறுவனத்தின் செயல்முறை, பதிவேடு, பொறுப்புப் பகிர்வு ஆகியவற்றை ஆராய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991 முதல் இச்சான்றை வழங்கி வருகிறது. எனினும் ஐ.எஸ்.ஓ. 9001 சான்று ஈயச் சோதனைக்கு மாற்றாகாது. பழைய சோதனை நீங்காமலே புதிய சான்றும் சேர்ந்தமையால் ஏற்றுமதியாளரின் சுமை இரட்டித்தது.

இச்சுமையை உணர்ந்த நடுவண் அரசு, 1994இல் சிறுதொழில்களுக்குச் சான்றுச் செலவில் 75 விழுக்காட்டை, ரூ.75,000 உச்சவரம்புடன், ஈடுசெய்யும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் செலவிட்ட பின்னரே தொகை கிட்டியது. கையில் முதலில்லாத தொழிற்கூடத்திற்கு இவ்வரிசைமுறையே தடையாக இருந்தது. மேலும், சூளையின் நிறங்கண்டு பதமறியும் தொழிலறிவு எழுத்துப் பதிவாக மாறினாலன்றித் தணிக்கையாளர்முன் சான்றாவதில்லை.

முடிவுரை

தரச் சான்றின் வரலாறு சரக்கிலிருந்து செயல்முறைக்கு நகர்ந்த வரலாறாகும். இந்நகர்வு நுகர்வோரின் உடல்நலத்தைக் காக்கும் தருக்கம் உடையது. அதே வேளையில், மெய்ப்பிக்கும் கடமையையும் அதன் முன்செலவையும் உற்பத்தியாளர்மேல் சுமத்தியது. எனவே சிறுதொழிலின் ஏற்றுமதித் தகுதியை மதிப்பிடும் ஆய்வுகள் கலத்தின் தரத்தோடு, அதைச் சான்றாக்கும் ஆற்றல் எவரிடம் உள்ளது என்பதையும் கருதுதல் வேண்டும்.