பூத்தது ஒரு வசந்தம்

ஸ்பெயினின் இஷ்பீலியா நகருக்கு மேற்கே, வாதில் கபீர் ஆற்றுக்கு அப்பால் உயர்ந்து கிடக்கும் மேட்டு நிலத்தை அரபு மக்கள் ‘அஷ்ஷரஃப்’ என்றனர். கண்ணுக்கெட்டிய தூரம் அங்கே ஜைத்தூன் தோப்புகள். 12ஆம் நூற்றாண்டில் வேளாண் நூல் யாத்த இப்னுல் அவ்வாம், தம் பயிர்ச் சோதனைகளை நடத்தியதும் இம்மண்ணிலேதான்.

வசந்தத்தில், ஏப்ரல், மே மாதங்களில், ஜைத்தூன் வெண்ணிறச் சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாய்த் தாங்கி நிற்கும். நூறு பூக்களில் ஒருசிலவே காயாகும். பூக்கும் வேளையில் மழையோ வெப்பக் காற்றோ வந்துவிட்டால் அவையும் குறையும். பூவைப் பார்த்து விளைச்சலைச் சொல்லிவிட முடியாது. பறிக்கும் பருவத்திற்கு இலையுதிர் காலம் வரை காத்திருத்தல் வேண்டும்.

1248ஆம் ஆண்டிலும் வசந்தம் வந்தது. மூன்றாம் பெர்டினாண்டின் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. மே 3ஆம் நாள், நகரையும் மேற்குக் கரையையும் இணைத்த படகுப் பாலத்தைக் காஸ்டிலியக் கப்பல்கள் மோதி உடைத்தன. அஷ்ஷரஃபிலிருந்து உணவு வரும் வழி அடைபட்டது. ஆறு திங்களுக்கு மேல் பசியோடு போராடிய இஷ்பீலியா, நவம்பர் 23இல் பணிந்தது. அந்தோ! ஜைத்தூன் பறிக்கும் பருவமல்லவா அது? நகரத்து முஸ்லிம்கள் பிறந்த மண்ணைத் துறந்து வெளியேறினர். தோப்புகள் பின்னர் வென்றோருக்குப் பங்கிடப்பட்டன.

ஆயினும் ஸ்பானிய மக்கள் இன்றும் எண்ணெயை ‘அஸெய்தே’ என்றும், ஜைத்தூன் கனியை ‘அஸெய்துனா’ என்றும் அழைக்கின்றனர். ‘அஸ்ஸைத்’, ‘அஸ்ஸைத்தூனா’ என்னும் அரபுச் சொற்களே அவை. தோப்பை இழந்தவர்களின் மொழி, அத்தோப்பின் கனியில் இன்னும் வாழ்கிறது.