காவிரியில் பரிசல்வழித் தூண்டில் மீன்பிடிப்பு: தோற்றமும் முடிவும்

காவிரி ஆற்றில் சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே தொடங்கி மேகதாது வரை நீளும் மலைக்காட்டுப் பகுதி, மஹசீர் என்னும் பெரிய கெண்டை இன மீனுக்காக உலக அளவில் பெயர் பெற்றது. பரிசலில் சென்று தூண்டிலிட்டு இம்மீனைப் பிடிப்பதற்காக ஆங்கிலேயர் காலம் முதலே வெளியூரினரும் வெளிநாட்டினரும் இங்கு வந்துள்ளனர். 2010-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த வாய்ப்பு படிப்படியாக நின்றுபோனது. ஒரு சரணாலயத்துக்குள் ஓடும் ஆற்றில் பொதுமக்களின் படகுக்கு இடமுண்டா என்ற கேள்வியையும், மக்கள் விலகிய பின் ஆற்றைக் கவனிப்பவர் யார் என்ற கேள்வியையும் இந்நிகழ்வு எழுப்பியது.

ஆறும் மீனும்

சிவசமுத்திரத்தில் ககனசுக்கி, பரசுக்கி என இரு அருவிகளாக விழும் காவிரி, அதன்பின் பாறைகள் நிறைந்த குறுகிய பள்ளத்தாக்கில் ஓடுகிறது. முத்தத்தி, பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே ஆகிய இடங்களைக் கடந்து, அர்க்காவதி ஆறு வந்து சேரும் சங்கமத்தை அடைகிறது. அதற்குக் கீழே உள்ளது மேகதாது. அதன் பின்னர் சிறிது தொலைவு கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக ஓடி ஒகேனக்கல்லை அடைகிறது.

இப்பகுதியில் வேகமான நீரோட்டமும் ஆழமான மடுக்களும் மாறிமாறி வருகின்றன. மஹசீருக்கு இத்தகைய ஆறே ஏற்றது. கோடையில் மடுக்களில் தங்கும் இம்மீன், மழைக்கால வெள்ளத்தில் எதிர்நீச்சலிட்டு மேலே சென்று கூழாங்கல் படுகைகளில் முட்டையிடும். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹசீர், முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் கொண்டது. மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தின் டி வெட் வான் இங்கன், 1946-ஆம் ஆண்டில் காவிரியின் கிளையாறான கபினியில் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட மஹசீர்களில் இதுவே மிகப் பெரியதாகக் கூறப்படுகிறது.

ஆங்கிலேயர் காலம்

இங்கிலாந்தில் டிரவுட் மீன் பிடித்துப் பழகிய அதிகாரிகள், இந்தியாவிலும் அதே மீனைத் தேடினர். டிரவுட் குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும். ஆகவே அதை நீலகிரியின் மலை ஓடைகளில் வளர்க்க 1860-களிலிருந்தே முயற்சி நடந்தது. தொடக்க முயற்சிகள் தோற்றன. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே அம்மீன் அங்கு நிலைபெற்றது.

சமவெளி ஆறுகளில் டிரவுட்டின் இடத்தை மஹசீர் பிடித்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூல் இம்மீனின் புகழைப் பரப்பியது. மீன் குஞ்சுகளை அழிக்கும் முறைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் தாமஸ் வலியுறுத்தினார். ஆற்றில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது.

பரிசலின் பங்கு

பாறைகள் நிறைந்த இந்த ஆற்றில் அடிப்பகுதி கூர்மையான படகுகள் பயன்படுவதில்லை. மூங்கில் பிளாச்சுகளை வட்டக் கூடையாக முடைந்து, வெளிப்புறத்தை நீர் புகாதபடி மூடிச் செய்யப்படுவது பரிசல். முற்காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினர். பின்னாளில் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு அந்த இடத்துக்கு வந்தது. பரிசல் குறைந்த ஆழத்திலும் மிதக்கும். பாறையில் மோதினாலும் எளிதில் உடையாது. தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரம் நடந்தும் செல்லலாம்.

மஹசீருக்குக் கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டையே பேர்பெற்ற இரை. தூண்டிலில் சிக்கிய பெரிய மீன் நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் பாயும். நரம்பு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் அறுந்துவிடும். அப்போது தூண்டில்காரரைப் பரிசலில் ஏற்றி, மீனைப் பின்தொடர்ந்து சென்று, நரம்பைப் பாறையிலிருந்து விடுவிப்பவர் உள்ளூர்ப் பரிசல் ஓட்டி. எந்த மடுவில் மீன் தங்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் இருக்கும், மேலே அணை திறந்தால் நீர் எப்போது வந்து சேரும் என்பன அவருக்கே தெரியும். தூண்டில் வெளியூரிலிருந்து வந்தது. ஆற்றைப் பற்றிய அறிவு உள்ளூரைச் சேர்ந்தது.

முகாம்களின் காலம்

விடுதலைக்குப் பின் காவிரி மஹசீர் வெளியுலகின் நினைவிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. அந்த மீன் அழிந்துவிட்டது என்றே பலர் எண்ணினர். 1977-இல் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் கொண்ட குழு, பெரிய மஹசீர் இன்னும் இருப்பதைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தது. பால் பூட், ஜெரமி வேட் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட நூலும் இந்த ஆற்றை உலகத் தூண்டில்காரர்களிடையே பரவலாக அறியச் செய்தது.

பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வன உயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பாதுகாத்தது. 1980-இல் தொடங்கப்பட்ட கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது. பிடித்த மீனை எடைபார்த்துவிட்டு மீண்டும் ஆற்றில் விடுவது இங்கு விதியாக இருந்தது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலர் முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர். உயிருடன் இருக்கும் மீன் அவர்களுக்குத் தொடர்ந்து வருமானம் தந்தது.

சட்டமும் தடையும்

1987-இல் இந்தக் காட்டுப்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தேவை. ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா போன்ற நோக்கங்களுக்கு அனுமதி தரலாம். ஆனால் தூண்டில் மீன்பிடிப்பு அந்தப் பட்டியலில் தனியாகச் சொல்லப்படவில்லை. 2002-ஆம் ஆண்டின் திருத்தத்தில் ‘விலங்கு’ என்ற சொல்லின் பொருளில் மீன்களும் சேர்க்கப்பட்டன. சரணாலயத்தில் மீனைப் பிடித்து விடுவதும் விலங்கைத் துன்புறுத்துவதாகாதா என்ற வாதம் இதன்பின் வலுப்பெற்றது. இறுதியில் முகாம்களில் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. சங்கத்தின் குத்தகையும் தொடரவில்லை.

தடையை ஆதரித்தோரிடம் வலுவான காரணங்கள் இருந்தன. யானைகள் நீர் அருந்த வரும் கரையில் முகாம்கள் இயங்கின. மேலும், உள்ளூர் மக்கள் உணவுக்காக வலை வீசினால் குற்றம், பணம் கட்டி வருபவர் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டால் சுற்றுலா என்ற நிலை நியாயமாகத் தோன்றவில்லை. எதிர்த்தோரும் ஒரு வலுவான கருத்தை முன்வைத்தனர். நாள்தோறும் ஆற்றில் பரிசல்கள் சுற்றிக்கொண்டிருந்தவரை வெடி வைப்பவர்கள் அஞ்சினர்; பரிசல்கள் போனால் அந்தக் காவலும் போய்விடும் என்பதே அது.

பதிவேடுகள் சொன்னவை

கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவேடுகள் பின்னாளில் அறிவியல் சான்றாயின. அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தனர். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பில் 6,161 மஹசீர்கள் பிடிபட்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு உயர்ந்தது. சராசரி எடை குறைந்தது. சிறிய மீன்கள் பெருகின என்பதே இதன் பொருள். மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல செய்தி.

ஆனால் அதே ஏடுகள் இன்னொன்றையும் காட்டின. பெருகியது நீலத்துடுப்பு மஹசீர். அது காவிரிக்கு உரியதன்று. மகாராட்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட அதன் குஞ்சுகள், மீன் வளத்தைப் பெருக்கும் நல்ல நோக்கத்துடன் காவிரியில் விடப்பட்டிருந்தன. அது பெருகிய அதே காலத்தில், ஆற்றுக்கே உரிய திமில் மஹசீரின் குட்டிகள் பதிவுகளில் ஏறக்குறைய காணாமல் போயின. ஆற்றைக் காத்தவர்களின் ஆதரவோடு நடந்த செயலே ஆற்றின் சொந்த மீனுக்குக் கேடாயிற்று. இதை வெளிப்படுத்தியதும் அவர்கள் எழுதிய ஏடுகளே. 2012-க்குப் பின் அத்தகைய தொடர் பதிவு அங்கு இல்லை.

திமில் மஹசீருக்கு நீண்ட காலம் உறுதியான அறிவியல் பெயர்கூட இருக்கவில்லை. 2018-இல் வெளியான ஆய்வு அதை டோர் ரெமாதேவியை என்ற இனமாக அடையாளம் கண்டது. அதற்கு உதவிய மீன்கள் மோயாற்றில் கிடைத்தவை. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது.

ஆறு யாருடையது?

ஆற்றில் பொதுமக்களுக்கு உள்ள உரிமை நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. டிரவுட் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1985-ஆம் ஆண்டின் சட்டம், கரை தனியாருக்குச் சொந்தமானாலும் வழக்கமான உயர்நீர் மட்டத்துக்கு உட்பட்ட ஆற்றைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்கிறது. இங்கிலாந்தில் படகு செலுத்தும் பொது உரிமை சில ஆறுகளில் மட்டுமே உறுதியாக உள்ளது.

இந்தியாவில் பியாஸ் ஆறு தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. ஆறு, காடு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அன்று, மக்களுக்காகப் பொறுப்பேற்றுள்ள அறங்காவலர் என்பது அத்தீர்ப்பின் சாரம். இக்கோட்பாட்டின்படி, ஒரு ஆற்றை மூடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. மூடிய ஆற்றை நன்கு பேணும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

தமிழ்நாட்டுப் பகுதி

ஒகேனக்கல்லில் பரிசல் பயணம் இன்றும் பொதுமக்களுக்குத் திறந்துள்ளது. நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கும், குறைந்தபின் நீக்கும். இது ஆற்றின் போக்கை ஒட்டிய தற்காலிகத் தடை. பரிசல் ஓட்டிகளின் வருவாய் இதனால் பாதிக்கப்பட்டாலும், தொழில் தொடர்கிறது.

தமிழ்நாடு அரசு 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தையும், 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தையும் அறிவித்தது. நீர்நாய், முதலை, மென்னோட்டு ஆமை ஆகியவற்றின் வாழிடமாகிய ஆற்றுப்பகுதியும் இதனால் பாதுகாப்புப் பெற்றது.

மதிப்பீடு

காவிரியில் தூண்டில் மீன்பிடிப்பு நின்றதை வெற்றி என்றோ இழப்பு என்றோ ஒரே சொல்லில் கூற இயலாது. காடு அமைதி பெற்றது. ஆனால் திமில் மஹசீரின் அழிவுக்குக் காரணமான அணைகள், மணல் அள்ளுதல், மாசு, வெடி, அயல் மீன் ஆகியவற்றில் எதுவும் தூண்டிலைத் தடுத்ததால் மட்டும் நீங்கிவிடாது. பரிசல் ஓட்டிகளையே ஊதியத்துடன் ஆற்றுக் காவலர்களாக அமர்த்துவதும், மீன்களை ஆண்டுதோறும் கணக்கெடுப்பதும் சரணாலயச் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை. மோயாற்றில் எஞ்சியுள்ள திமில் மஹசீரைக் காக்க விரும்புவோர், கலிபோரே ஏடுகள் நின்ற இடத்திலிருந்து அக்கணக்கை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது.